இன்ஜினுக்கு மேல் ஓர் இருக்கை

சைகாலை வாயாடி என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லாம் ஆண்கள். வேண்டிய இடத்தில் ஒரே ஒரு முறை வாய் திறந்தாள், அதற்குக் கிடைத்த பட்டம் அது. அவள் நிஜமாகவே வாயாடியாக இருந்திருந்தால் இப்படியெல்லாம் ஆகியிருக்காது என்பது என் கட்சி.

எனக்குக் கராகோல் ஊர் பஜாருக்குப் பின்னால் கடை. குளிர்ந்த நூடுல்ஸில் காடியும் மிளகாயும் ஊற்றித் தருகிற அஷ்லியான்ஃபூ கடை. அதைத் தாண்டினால் சந்து முழுக்க மெக்கானிக் ஷெட்டுகள். மெக்கானிக்குகள், டிரைவர்கள், வண்டியே இல்லாமல் வண்டியைப் பற்றிப் பேச மட்டும் வருகிறவர்கள், எல்லோருக்கும் என் கடையில்தான் சாப்பாடு. ஒருவன் வண்டியைத் திறந்துவிட்டால் போதும், கல்யாண வீடு மாதிரி கூட்டம் கூடிவிடும். ஆளுக்கொரு யோசனை, ஒருவர் கையிலும் ஸ்பானர் இருக்காது. இன்ஜினைப் பற்றி நான் கேட்காத பொய் கிடையாது.

சைகால் கல்யாணத்துக்கு முன்னால் தலைநகர் பிஷ்கேக்கின் சந்தையில் துணி மூட்டை சுமந்தவள். ஒரு குளிர்காலத்தில் மூட்டையோடு பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தாள். அந்தக் கதையை அவள் சொன்னால் சிரிப்பு வரும்.

"தூக்கக்கூடாது, குனியக்கூடாது, குலுங்கக்கூடாதுன்னாரு டாக்டரு. வேற என்னதான் சார் செய்யலாம்னேன். நிக்கலாம், நடக்கலாம், அசையாம உக்காரலாம்னாரு. நான் என்ன, மைதானத்துல வெக்கிற சிலையாக்கா?"

இதெல்லாம் தெரிந்துதான் எசென்பெக் அவளைக் கட்டினான். அவன் நல்லவன். அதுதான் அவனிடம் உள்ள கோளாறு, எல்லோருக்கும் நல்லவன். எதிரே நிற்கிறவன் முகம் சுருங்கினால் இவனுக்குச் சாப்பாடு இறங்காது. எதிரே நிற்கிறவன் யார் என்பது மட்டும்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

அவனிடம் ஒரு பழைய ஜப்பான் வேன் இருந்தது. கராகோலுக்கும் பிஷ்கேக்குக்கும் ஆள் ஏற்றுவான், பாதி வழி பெரிய ஏரியின் கரையோரம்தான். அந்த வேனில் இன்ஜின் முன்னால் மூக்கில் இருக்காது, முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். அந்தச் சீட்டில், அவன் பக்கத்தில், சைகால் உட்கார்ந்து போவாள். நிலையத்தில் ஆள் கூப்பிடுவது அவள், வழியில் யாருக்கு வாந்தி வருகிறது என்று பார்ப்பது அவள், டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பதும் அவள்.

வீட்டில் மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு படை. அந்த வீட்டில் மருமகள் புருஷனோடு உட்கார்ந்து சிரித்தாலே வெட்கங்கெட்டவள் என்பார்கள். ஆகவே அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த வேனில்தான். "வண்டி ஏரிக்கரைக்கு வந்தாத்தான் அக்கா அவருக்கு வாயே தெறக்கும். வீட்ல மரக்கட்டை மாதிரி இருப்பாரு, அங்க வந்துட்டா நான் காதைப் பொத்திக்கணும்," என்பாள். சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். குழந்தை இல்லை அவர்களுக்கு. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியதில்லை, ஏனென்றால் அவர்களுக்கே தோன்றவில்லை.

குலுங்கக்கூடாத முதுகோடு அவள் எப்படி அத்தனை தூரம் போய்வந்தாள் என்றால், அந்த இன்ஜின் அப்படி. நான் ஏறியிருக்கிறேன், கீழே ஒன்று ஓடுகிறது என்றே தெரியாது. அது மாதிரி பெரிய நாலு சிலிண்டர் இன்ஜின் சும்மா விட்டால் அதிரும். அந்த அதிர்வுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி அதை அடக்குவதற்கென்றே உள்ளே இரண்டு தண்டுகள் வைத்திருக்கிறார்கள், பேலன்ஸ் ஷாஃப்ட் என்று. அதைச் சுற்றவைக்க ஒரு சின்ன பெல்ட் உண்டு. வம்பு அந்த பெல்ட்டில்தான். அது அறுந்தால் சும்மா கீழே விழாது, பக்கத்தில் ஓடுகிற பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கும். சிக்கினால் வால்வெல்லாம் வளைந்து இன்ஜின் செத்துப்போகும்.

எசென்பெக்கின் வேனுக்கு அதுதான் நடந்தது. பிஷ்கேக் போகிற வழியில் இருக்கும் போம் பள்ளத்தாக்கில், ஆட்களோடு. ஒரு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து தாலாயின் ஷெட்டில் விட்டார்கள்.

தாலாய் எங்கள் சந்தின் பேர்பெற்ற மெக்கானிக். கை நல்ல கைதான், மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம். இந்த ஜாதி இன்ஜினைப் பிரித்தால் முதல் காரியமாக அந்த இரண்டு தண்டையும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். எண்ணெய் போகிற ஓட்டையை அடைத்துவிட்டு, தண்டில்லாமலே பூட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், எல்லோரும் பிடுங்குகிறார்கள் என்று பதில் வரும். பிடுங்கிய தண்டுகள் சந்தெங்கும் கிடக்கும். ஒருவன் நாய் கட்டத் தரையில் அடித்து வைத்திருக்கிறான், இன்னொருவன் தார்ப்பாய் பறக்காமல் மேலே பாரம் வைத்திருக்கிறான்.

இன்ஜினை வெளியே இறக்கிய அன்று வழக்கம்போல் கூட்டம். நான் கிண்ணங்களை எடுத்துவரப் போயிருந்தேன்.

"பிடுங்கிப் போட்றலாம் எசென்," என்றான் தாலாய். "பெல்ட்டே இல்லன்னா அறுந்துபோறதுக்கு என்ன இருக்கு? ஜப்பான்காரன் நோகாம வண்டி ஓட்றவன், அவனுக்கு வெச்சது அது. நமக்கு எதுக்கு?"

"இழுவையும் கூடும். என் தம்பி வண்டில எடுத்தாச்சு, கழுதை குதிரையாயிருச்சு," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அதிராதா?" என்று எசென்பெக் இழுத்தான்.

"கொஞ்சூண்டு அதிரும். ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு அதிர்வா?"

சைகால் கம்பளிச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றாள். "அந்தச் சீட்டுல ஆம்பளை உக்காரல, நான் உக்கார்றேன்," என்றாள். "எனக்கு அது வேணும். தண்டு உக்காந்து சுத்துற புஷ்ஷைப் புதுசா போட்டு, புது பெல்ட் போட்டுப் பூட்டுங்க."

"புஷ் மாட்டுறது நரக வேலை தங்கச்சி. மாட்டினாலும் பெல்ட்டு மறுபடி அறுந்துபோகாதுன்னு யாரு சொல்றது?"

அப்போதுதான் அவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "போன கோடையில பெரிய பெல்ட்டை நீங்கதானே மாத்துனீங்க. சின்னதையும் சேர்த்து மாத்தணும்ல? மாத்துனீங்களா?"

தாலாய் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். மாற்றவில்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது. பழசு நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் ஓடும் என்று விட்டிருப்பான். தண்டு ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தவன் அங்கே நின்று கை துடைத்துக்கொண்டிருந்தான்.

யாராவது அதைச் சொன்னார்களா? சொல்வார்களா என்ன! கூட்டத்திலிருந்து ஒருவன் எசென்பெக்கின் தோளில் தட்டி, "என்னப்பா, இன்ஜின் உன்னுதா, உன் பொண்டாட்டியோடதா? அடுத்த தடவை வண்டிக்கு அடியில அவங்களையே படுக்கச் சொல்லு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தாலாய்க்கு உயிர் வந்தது, அவனும் சிரித்தான். எசென்பெக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் எசென்பெக் சாப்பிட வந்தபோது நான் விடவில்லை. "உன் பெண்டாட்டி கேட்டது ஞாயமா இல்லையா, அதைச் சொல்லு."

"ஞாயந்தான் அக்கா. நான் தண்டைப் போடப்போறேன். புஷ்ஷுக்குச் சொல்லிட்டேன், வருது. அவகிட்டயும் சொல்லிட்டேன். நாலு பேரு முன்னால தாலாயை அப்படிக் கேட்டிருக்க வேணாம், அதுதான்."

"வேற எப்படிக் கேக்குறது? பாட்டுப் பாடியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஆனால் வாக்குக் கொடுத்தான், அதை நான் என் காதால் கேட்டேன். புஷ்ஷும் வந்தது.

எங்கள் சந்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிரித்த இன்ஜினைப் பூட்டத் தொடங்கும் முன் வயதில் மூத்தவர் யாராவது கை தூக்கி ஆசி சொல்லவேண்டும். அப்படியே ஆகட்டும் என்பதற்கு எல்லோரும் ஓமின் சொல்லி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். சூடாக போர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்து எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். அப்படி ஆசி வாங்கிய காரியத்தை யாரும் மாற்றமாட்டார்கள். மாற்றினால் ஆசி சொன்னவரின் முகத்தில் அடித்தமாதிரி. நான் அவர்கள் இனம் இல்லை, டுங்கன் வீட்டில் பிறந்தவள், எனக்கே அது தெரியும்.

போர்சோக் பொரிக்க சைகால் என் அடுப்பைத்தான் கேட்டாள். காலையிலேயே மாவு பிசைந்து கொண்டுவந்துவிட்டாள். குனிய முடியாது என்பதால் மேசைமேல் பலகை போட்டு நின்றுகொண்டே உருட்டினாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டி ஓடத் தொடங்கியதும் சோல்போனாத்தா ஊரில் நிறுத்தி ஏரியில் குளிக்கவேண்டுமாம், எசென் வாக்குக் கொடுத்திருக்கிறானாம். "ஆசி நடக்கும்போது நான் இருக்கணும்க்கா, சீக்கிரம் எடுங்க, கருகுது," என்று என்னை விரட்டினாள்.

நாங்கள் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சந்து வழியாகப் பெரியவர் ஷாதிபெக் போயிருக்கிறார். வேறு யார் வீட்டுக்கோ துக்கத்துக்குப் போகிறவர், அவசரத்தில் இருந்தவர். தாலாய் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டான். என்ன சொன்னான் என்பதைப் பிறகு அங்கே நின்றவர்களே என்னிடம் சொன்னார்கள், பெருமையாக.

"பெரியவரே, வண்டிக்கு வேண்டாத ரெண்டு தண்டை எடுத்துட்டுப் பூட்டப்போறோம். ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவருக்கு என்ன தெரியும், பாவம். குதிரையைத் தவிர எதிலும் ஏறாதவர். கையைத் தூக்கினார். "வேண்டாத பாரமெல்லாம் எறங்கட்டும். மிச்சம் உறுதியா நிக்கட்டும். போற வழி வெள்ளையா இருக்கட்டும்!" எசென்பெக் பக்கத்தில்தான் நின்றான். பெரியவரே கொஞ்சம் பொறுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், நரைத்த தாடிக்காரர் கை தூக்கிய பிறகு, அவனும் மற்றவர்களோடு கையைத் தூக்கிவிட்டான்.

நானும் சைகாலும் தட்டோடு ஓடிவந்தபோது கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. "ஓமின்!" என்று எல்லோரும் முகத்தைத் துடைத்தார்கள். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மாவு ஒட்டிய கையால் சைகாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு "ஓமின்" என்றாள். எதற்கு என்று தெரியாமலே.

அப்புறம்தான் எண்ணெய்த் தகரத்தில் கிடந்த இரண்டு தண்டையும் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டும் ஏன் இங்க கெடக்கு? கழுவி மாட்டணும்ல?"

எசென்பெக் அவளைப் பார்க்கவில்லை. "பெரியவர் ஆசி குடுத்துட்டாரு," என்றான்.

"எதுக்குக் குடுத்தாரு?"

தாலாய் எங்கோ பார்த்துக்கொண்டு, "போர்சோக் ஆறுது தங்கச்சி," என்றான்.

அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே போனாள். தாலாயிடமும் நீட்டினாள். எனக்கு அந்தத் தட்டை அவன் தலையில் கவிழ்க்கவேண்டும் போலிருந்தது. ஒருவர் விடாமல் எடுத்து, ருசியாக இருக்கிறது என்று சொல்லித் தின்றார்கள்.

வண்டி ஓடியது. நின்றால் ஒன்றும் தெரியாது, மெதுவாகப் போனாலும் பெரிதாகத் தெரியாது. ஏரிக்கரையின் நேர்ச்சாலையில் எந்த வேகத்தில் போவார்களோ, சரியாக அந்த வேகத்தில் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். பல் கூசும். அது நிற்காது, மணிக்கணக்கில். ஓட்டுகிறவன் காலை ஊன்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பழகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அத்தனையும் முதுகில்தான் ஏறும். கம்பளத்தை மடித்து அடியில் போட்டாள். தலையணை வைத்தாள். பின்சீட்டுக்குப் போனாள், அங்கே சக்கரத்தின் குலுக்கல், அது இன்னும் மோசம்.

"எப்படி இருக்கு?" என்று அவன் கேட்பானாம். "பரவால்ல," என்பாளாம்.

"ஏண்டி பரவால்லன்னு சொன்ன?" என்று நான் கத்தினேன்.

"பின்னால ஆளுங்க உக்காந்திருக்காங்கக்கா. டிரைவரு பொண்டாட்டியே வண்டி சரியில்லன்னு சொன்னா நாளைக்கு யாரு ஏறுவா?"

வழியில் பாலிக்ச்சி ஊரில் ஒரு நாள் வண்டி நின்றது, எல்லோரும் பொரித்த மீன் வாங்க இறங்கினார்கள். சைகாலும் இறங்கினாள். ஒரு கால் வரவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஏறியிருந்த ஜனங்கள்தான் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அதுதான் அவள் அந்த வண்டியில் போன கடைசிப் பயணம்.

கால் ஓரளவுக்குத் தேறிய பிறகு ஒரு முறை கேட்டிருக்கிறாள், இன்ஜினை இறக்கித் தண்டைத் திரும்பப் போட்டுவிடலாமே என்று. தாலாய் அதற்குள் அந்த இரண்டையும் தன் ஷெட் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பற்றவைத்துவிட்டான். வேறு வாங்கலாம், கிடைக்காத பொருளா? எசென்பெக் சொன்னது வேறு. "பெரியவர் ஆசி குடுத்த இன்ஜின். பிரிச்சேன்னு வெய்யி, அவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? சந்துல என்ன சொல்வாங்க? நீ வீட்ல ரெஸ்ட் எடு, நான் பாத்துக்கறேன்." அன்பாகத்தான் சொன்னானாம். அந்த அன்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வீட்டில் ரெஸ்ட்டாம்! மாமியாரின் முனகலும் கொழுந்தன் பிள்ளைகளின் துணியும். அவள் சரி என்றாள், பிறகு கேட்கவே இல்லை.

ஷாதிபெக்கிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தால், அடப்பாவிகளா, போடுங்கடா அதை என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவனும் போய்க் கேட்கவில்லை. நான் கேட்கிறேன் என்றேன், சைகால் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "நீங்க கேட்டு எங்க வீட்டுக்காரரு தண்டைப் போட்டா, அது எனக்காகப் போட்டதா ஆகாதுக்கா," என்றாள்.

எசென்பெக் முன்சீட்டில் ஆள் ஏற்றத் தொடங்கினான். ஒரு நாள் கடையில், "ஒரு ஆளு கூடுதலா ஏறுது அக்கா, நல்லாத்தான் போகுது," என்றான். கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் கிளறினான். "ஏரிக்கரைல மட்டும் தூக்கம் வருது. பேச ஆளில்ல." நான் அவன் கிண்ணத்தில் மிளகாயைத் தாராளமாகப் போட்டிருந்தேன், வேண்டுமென்றேதான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான் என்று வைத்துக்கொண்டேன்.

சைகால் வீட்டில் எத்தனை நாள் இருப்பாள்? இலையுதிர் காலத்தில் வேன் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிற வேலை காலியானது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை. போய்ச் சேர்ந்தாள். மாமியார் கத்தினாள், எசென்பெக்கின் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிசைப்படி ஒவ்வொரு வேனாக நிரப்பி அனுப்பவேண்டும். எசென்பெக்கின் வேன் முறை வந்தால் அதையும் மற்ற வேன் மாதிரியே நிரப்புவாள். "பிஷ்கேக்! பிஷ்கேக்! ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு!" அந்தக் குரல் பஜார் வரைக்கும் கேட்கும். வீட்டில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது.

பிஷ்கேக்கில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க நான் கிளம்பிய அன்று அவன் முறை. எல்லாச் சீட்டும் நிரம்பி முன்சீட்டு மட்டும் பாக்கி. எசென்பெக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். அப்போது வெள்ளை முக்காடு கட்டிய ஓர் அம்மாள் மெதுவாக வந்தாள். கோட்டுக்கு மேலே இடுப்பில் அகலமாக ஒட்டகமயிர்ப் பட்டை கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க தாயே, முன்சீட்டு, ஜன்னலோரம்," என்று எசென்பெக் கதவைத் திறந்தான்.

அந்த அம்மாள் படியில் கால் வைத்தாள்.

"ஏறாதீங்க," என்றாள் சைகால்.

நிலையத்தில் நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல், தானாகவே எல்லோருக்கும் கேட்டது.

"முதுகு சரியில்லாதவங்களுக்கு இந்த வண்டி ஆகாது தாயே. அடியில இன்ஜின் நடுங்கும், ஏரிக்கரை பூரா நடுங்கும். எறங்கும்போது காலு இருக்காது. அடுத்த வண்டில ஏறுங்க, அவரு மெதுவா ஓட்டுவாரு."

"சைகால்!" என்றான் எசென்பெக். காது சிவந்துவிட்டது. "என்ன பேசுற நீ? நாலு பேரு முன்னால..."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.

அந்த அம்மாள் குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலைக் கீழே எடுத்துவிட்டாள். "இவ்ளோ தீர்மானமாச் சொல்றியேம்மா. நீ அதுல போயிருக்கியா? யாரு வண்டி அது?"

"எங்க வீட்டு வண்டிதான்," என்றாள் சைகால். அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்து, அடுத்த வேன் பக்கமாக மெதுவாக நடத்திக்கொண்டு போனாள்.